ஹாலோவீன் வளையம் நம்ம ஊர் வாசலுக்கு செட் ஆகுமா? மாவிலைத் தோரணம், காப்புக்கட்டு... வீட்டிலேயே கட்டுவது எப்படி?

அக்டோபர் மாதம் வந்தாலே போதும், இன்ஸ்டாகிராமைத் திறந்தாலும் யூடியூபைத் திறந்தாலும் அதே வீடியோதான். கறுப்பு ரிப்பன், ஆரஞ்சு நிறக் காகிதப்பூ, ரப்பர் சிலந்தி, நடுவில் பல்லிளிக்கும் ஒரு பூசணி பொம்மை. எல்லாவற்றையும் வட்டமான கம்பியில் சுற்றி முன்வாசல் கதவில் மாட்டினால் 'ஹாலோவீன் ரீத்' ரெடி. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீட்டு போட்டோவிலும் அது தொங்கிக்கொண்டிருக்கும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்று ஒரே நாளில் வந்தன. அப்போது ஒரே கதவில் மாவிலையும் ரப்பர் சிலந்தியும் சேர்ந்து தொங்கிய வீடுகள் அங்கே எத்தனையோ.

சரி, அதே வளையத்தை ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டுக் கதவில் மாட்டினால் என்ன ஆகும்? எதிர்வீட்டுப் பாட்டி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து, "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

ஏன் அப்படி? நம்ம ஊர் வாசலில் எது தொங்கினால் என்ன அர்த்தம்? கடையில் வாங்காமல், கம்பியும் பிளாஸ்டிக்கும் இல்லாமல் அதை வீட்டிலேயே கட்டுவது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

ஹாலோவீன் என்பது என்ன?

நவம்பர் 1 கத்தோலிக்கர்களுக்கு அனைத்துப் புனிதர் பெருவிழா. அதற்கு முந்தைய நாள் இரவுதான் ஹாலோவீன். அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் கொண்டாடப்பட்ட 'சவின்' என்ற பழைய விழாவின் தொடர்ச்சி இது என்பார்கள். அன்றைய இரவில் இறந்தவர்களின் ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். அவற்றை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு அந்த இடத்தைப் பரங்கிக்காய் பிடித்துக்கொண்டது.

இதே வரிசையில் நவம்பர் 2-ம் தேதி வருவதுதான் கல்லறைத் திருநாள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. ஆக, ஹாலோவீன் நமக்கு முழுக்க அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. அதன் அடுத்தடுத்த நாட்கள் நம்ம ஊர் காலண்டரிலும் இருக்கின்றன. ரப்பர் சிலந்தி மட்டும்தான் வரவில்லை.

வளையம் என்றால் ஏன் துக்கம்?

மேற்கத்திய நாடுகளில் ரீத் இரண்டுக்கும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வாசல் கதவிலும் மாட்டுவார்கள், போர் நினைவுச் சின்னத்திலும் வைப்பார்கள். அந்த இரண்டில் நமக்கு ஊருக்குள் வந்து சேர்ந்தது இரண்டாவதுதான். "மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார்" என்ற வரியை டிவி செய்தியில் கேட்காத தமிழர் இருக்க முடியாது. சில கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பரில் பச்சை வளையம் மாட்டுவது உண்டு. ஆனால் அங்கும் முதலில் ஏறுவது ஸ்டார்தான்.

நமக்கு மங்கலம் என்றால் வளையம் கிடையாது. நிலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குறுக்கே ஓடும் சரம்தான். அதன் பெயர் தோரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்தச் சொல் புதிதில்லை. அந்த ஊரில் பிறந்த ஆண்டாள், திருப்பாவையின் 16-வது பாசுரத்தில் கொடியும் தோரணமும் உள்ள வாசலைக் காப்பவனிடம் கதவைத் திறந்துவிடச் சொல்கிறார். நாச்சியார் திருமொழியில் வரும் கல்யாணக் கனவு தொடங்குவதும் ஊரெங்கும் தோரணம் கட்டிய காட்சியோடுதான். இலையும் பூவும் கட்டுவது இன்றும் அந்த ஊரின் அன்றாட வேலை. திருமலை புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்கும், மதுரை சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்துதான் போகிறது. ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியும் தினமும் புதிதாகச் செய்யப்படுவது. மூக்குக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்க வாழைநார். பசை கிடையாது, கம்பியும் கிடையாது.

வீட்டுத் தோரணத்துக்கும் இதுதான் சரியான பாடம். அதை அப்புறம் சொல்வோம். முதலில் இலை.

இலையை எங்கிருந்து பறிப்பது?

ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்குப் பெயர்போன ஊர். ராஜபாளையம் சப்பட்டை என்று கேட்டு வாங்குகிற மாம்பழப் பிரியர்கள் உண்டு. இங்கே மாவிலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பறிப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது.

மாமரம் பூப்பது கிளையின் நுனியில். டிசம்பர், ஜனவரி மாதங்களில் பூங்கொத்து வருவது, நன்றாக முற்றிய அந்த நுனிக் கொப்பிலிருந்துதான். நாம் என்ன செய்கிறோம்? கைக்கு எட்டும் கொப்பை வளைத்து, நுனியோடு முறித்து, "கொத்தா கிடைச்சிருச்சு" என்று எடுத்து வருகிறோம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் முறிக்கப்படும் ஒவ்வொரு நுனியிலும், அடுத்த கோடையில் காய்க்க வேண்டிய ஒரு கொத்து போய்விடுகிறது. பொங்கலுக்கு முறித்தால் பூவோடே போய்விடும். தோப்புக்காரர் சத்தம் போடுவது இலைக்காக அல்ல.

ஆகவே கிளையின் உட்பக்கத்தில், நுனியைவிட்டுத் தள்ளி இருக்கும் முற்றிய கரும்பச்சை இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு வெட்டி எடுங்கள். ஒரே கிளையை மொட்டையடிக்காமல், நாலைந்து கிளைகளில் பிரித்து எடுப்பது நல்லது. தளிர் இலை வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், மதியத்துக்குள் சுருண்டுவிடும். காம்பிலிருந்து வடியும் பால் சிலருக்கு அரிப்பு, கொப்புளம் தரும் என்பதால் பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளிடம் கொடுப்பதற்கு முன் இலைகளையும் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று. மலைப் பக்கம் போனால் இலை இலவசம் என்று காட்டுக்குள் நுழைய வேண்டாம். சாம்பல் நிற அணில் சரணாலயமாக 1988-ல் அறிவிக்கப்பட்ட அந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி.

மாவிலைத் தோரணம்: படிப்படியாக

3 அடி அகல வாசலுக்கு 11 இலைகள் போதும். ஒற்றைப்படையில் கட்டுவதுதான் வழக்கம். அதற்கு வசதியான காரணமும் இருக்கிறது: நடுவில் ஒரு இலை வந்தால் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிக்கலாம்.

நூல் 5 அடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரு அடி கட்டுவதற்குப் போக நடுவில் 3 அடி மிஞ்சும். பருத்தி நூலை இரண்டு மூன்று இழையாக முறுக்கிக்கொண்டால் கனம் தாங்கும். 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் நூற்பாலைகளால் வளர்ந்த ஊரில், நூலுக்கு நைலானைத் தேடிப் போவது கொஞ்சம் அநியாயம்தான். வாழைநார் என்றால் கட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் முடிச்சுப் போடும்போதே பிய்ந்துவிடும்.

நூலை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிவிட்டால் வேலை சுலபம். நடு இலையில் தொடங்குங்கள். இலையின் காம்புப் பக்கத்தை நூலுக்கு மேலே கொடுத்து, இரண்டு விரல்கடை அளவுக்குப் பின்பக்கம் மடியுங்கள். நுனி கீழே தொங்க வேண்டும். மடித்த இரண்டு அடுக்கையும் சேர்த்து, தென்னை ஈர்க்குச்சியால் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்து, தையல் போட்டது மாதிரி செருகுங்கள். மிச்சக் குச்சியை ஒடித்துவிடலாம். குத்தும்போது நடு நரம்பையும் சேர்த்துக் குத்தினால் இலை கிழியாது. பிறகு 3 இன்ச் இடைவெளியில் வலப்பக்கம் ஐந்து, இடப்பக்கம் ஐந்து. இடையிடையே செவ்வந்தியோ கேந்தியோ கோர்த்துக் கட்டுவது அவரவர் விருப்பம். பழக்கம் இருந்தால் மொத்தமும் 20 நிமிட வேலை.

தென்னங்குருத்துத் தோரணம் கட்டுவதாக இருந்தால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் மடிப்புக்குக் 'குருவி' என்று பெயர். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, துக்க காரியத்துக்கு மூன்று குருவி என்று கணக்குச் சொல்வார்கள். வீடியோவைப் பார்த்து மூன்று மடிப்போடு நிறுத்திவிட்டால், மேலே சொன்ன எதிர்வீட்டுப் பாட்டி மறுபடியும் ஓடிவர வேண்டியிருக்கும்.

ஸ்டேப்ளர் ஏன் வேண்டாம்?

இப்போது பெரும்பாலான வீடுகளில் மாவிலையை ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் மாட்டுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு வாரம் கழித்து அந்தத் தோரணம் எங்கே போகிறது? காய்ந்ததும் கழற்றி வாசலுக்கு வெளியே எறிகிறோம். தெருவில் வரும் மாடு அதை இலை என்றுதான் நினைக்கும்.

மாடு மென்று, பொறுக்கித் தின்னாது. வாரி விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசைபோடும். உள்ளே போகும் பின், கம்பித் துண்டு, ஆணி எல்லாம் அதன் இரண்டாவது வயிற்று அறையில் போய்த் தங்கும். அந்த அறை இருப்பது இதயத்துக்கு மிக அருகில். கூரான கம்பி அறையின் சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் இதய உறை வரை எட்டிவிடும். கால்நடை மருத்துவத்தில் இதற்கு 'ஹார்டுவேர் டிசீஸ்' என்றே பெயர். மாடு தீவனம் எடுக்காது, பால் குறையும், முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும். பூங்கொத்து கட்டும் மெல்லிய கம்பிகளுக்கும் இது பொருந்தும்.

ஈர்க்குச்சியும் நாரும் இந்த ஆபத்து இல்லாதவை. ஆண்டாள் கிளியைச் சொன்னது இதற்காகத்தான்.

பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் வருடக்கணக்கில் வாடாது என்பதுதான் அதன் பிரச்சினையும். வெயிலில் வெளுத்து, தூசு படிந்து, நிலையோடு நிலையாக அப்படியே கிடக்கும். அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கோ 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. ஹாலோவீன் வீடியோக்களில் வரும் தெர்மாகோல் வளையத்தைத் தேடி அலைய வேண்டாம்.

காப்புக்கட்டு: நம்ம ஊர் 'காவல்' கொத்து

தோரணம் வரவேற்பதற்கு என்றால், காப்புக்கட்டு தடுத்து நிறுத்துவதற்கு. ஹாலோவீன் வளையத்துக்கு நிஜமான உறவுக்காரன் இதுதான். மார்கழி முடிந்து தை பிறக்கும் நேரத்தில், போகி அன்றோ பொங்கல் விடியலிலோ வீட்டு நிலையிலும் கூரையிலும் செருகப்படும் சின்னக் கொத்து. கெட்டது உள்ளே வராமல் இருக்க என்பது நம்பிக்கை.

இதில் முக்கியமானவை மூன்று. வெள்ளைப் பஞ்சுபோலப் பூக்கும் சிறுபீளை, மஞ்சள் ஆவாரம்பூ, வேப்பிலை. சிறுபீளையைக் கூரைப்பூ என்றும் பொங்கல் பூ என்றும் சொல்வார்கள். கொங்குப் பக்கம் பூளைப்பூ. கூடவே மாவிலை, தும்பை, துளசி சேர்ப்பது ஊருக்கு ஊர் மாறும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் ஆவிரையும் குரீஇப்பூளையும் உண்டு. இன்று பொங்கலுக்கு முதல்நாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கட்டுக்கட்டாக விற்கும் பூக்கள்தான் அவை.

கட்டுவது ரொம்ப எளிது. சிறுபீளை நாலைந்து தண்டு, பூவோடு ஆவாரங்கிளை ஒன்று, வேப்பங்கொழுந்து ஒன்று. எல்லாம் ஒரு ஜாண் நீளம் இருக்கட்டும். அடியை ஒன்றாகச் சேர்த்து நூலால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். ஓட்டு வீடு என்றால் தாழ்வாரத்தில் செருகலாம். அடுக்குமாடி வீடு என்றால் கிரில் கேட்டில் கட்டிவிடலாம். கிராமத்தில் இது வீட்டு வாசலோடு நிற்காது. மாட்டுத்தொழுவம், கிணறு, பம்ப்செட் ரூம், வயல் மூலை என்று எல்லா இடத்துக்கும் ஒரு கொத்து போகும். எது போனால் குடும்பம் தாங்காதோ அதற்கெல்லாம் ஒரு காவல்.

தரிசிலும் வரப்பிலும் தானாக முளைப்பவைதான் இந்த மூன்றும். பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் தண்டை மட்டும் கிள்ளினால் அடுத்த பொங்கலுக்கும் அதே இடத்தில் கிடைக்கும்.

வேப்பிலை மட்டும் தொங்கினால்?

கவனம். வாசலில் வேப்பிலைக் கொத்து மட்டும் செருகியிருந்தால் அது அலங்காரம் இல்லை, அறிவிப்பு. வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று அர்த்தம். சின்னம்மை காற்றில் பரவும் தொற்று. கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு விடும் வரை மற்றவர்கள் ஒதுங்கி இருக்க வேண்டும். அந்த வகையில் இந்த இலை செய்வது நல்ல வேலை. ஆனால் வாசலில் வேப்பிலை வைத்தாயிற்று என்று டாக்டரிடம் போகாமல் இருந்துவிடக் கூடாது. முக்கியமாக கர்ப்பிணிகளும் பச்சைக் குழந்தைகளும் உள்ள வீட்டில்.

பூசணி: அங்கேயும் இங்கேயும்

அங்கே பரங்கிக்காயில் முகம் செதுக்குகிறார்கள். இங்கே புதுவீடு கட்டும்போது வெண்பூசணியில் முட்டைக்கண், முறுக்கு மீசை, கோரைப்பல் வரைந்து தொங்கவிடுகிறோம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பார்க்கிறவன் கண் முதலில் அதில்தான் விழ வேண்டும், அவ்வளவுதான். கதவில் தொங்கவிட பூசணி முகம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, கரி மூன்றும் போதும். பெயின்ட் வேண்டாம்.

சிக்கல் இருப்பது ஆயுத பூஜையில் உடைக்கும் பூசணியில். மில், பட்டறை, கடை, லாரி என்று எல்லாவற்றுக்கும் சுற்றிப்போட்டு நடுரோட்டில் போட்டு உடைக்கும் வழக்கம் இருக்கிறது. மதுரையிலிருந்து கொல்லம் போகும் வழியில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு ஊரும் இருக்கின்றன. இருட்டில் டூவீலரில் வருகிறவருக்கு, குங்குமத் தண்ணீரோடு வழவழவென்று சிதறிக் கிடக்கும் சதை தெரியாது. பிரேக் பிடித்தால் வண்டி சறுக்கும், பின்னால் லாரி வரும். ஒவ்வொரு வருடமும் போலீஸார் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ரோட்டில் உடைக்காதீர்கள். வாசலின் ஓரத்தில் உடைத்துவிட்டு, அஞ்சு நிமிடத்தில் அள்ளி ஓரமாகக் கொட்டினால் திருஷ்டி திரும்பி வந்துவிடும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

மாவிலை ஆக்ஸிஜன் தருமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வர்டு இது. 'தோரணத்தில் உள்ள மாவிலை கார்பன் டை ஆக்ஸைடை உறிஞ்சி, வீட்டுக்கு ஆக்ஸிஜன் தருகிறது.' பறித்த இலை வாடும் வரை கொஞ்ச நேரம் ஒளிச்சேர்க்கை செய்யும் என்பது சரிதான். ஆனால் 11 இலை வெளியிடும் அளவு, ஒரு வீட்டின் காற்றில் எந்த மாற்றத்தையும் கொண்டுவராது. ஜன்னலைத் திறந்து வைப்பது அதைவிட எத்தனையோ மடங்கு மேல்.

தலைகீழாகத் தொங்கவிடும் ஆகாச கருடன் கிழங்கு தண்ணீர் ஊற்றாமலே துளிர்ப்பதும் மாயம் இல்லை. கிழங்குக்குள் சேமித்து வைத்த நீரும் மாவுச்சத்தும்தான் காரணம். அது இருந்தால் பாம்பு வராது என்று நம்பி வாசலில் விளக்கு போடாமல் இருந்துவிடாதீர்கள். எலுமிச்சை - மிளகாய் சரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பியில் கோர்க்காமல் நூலில் கோர்த்தால் போதும்.

இல்லை, வளையமேதான் வேண்டும் என்றால்?

பள்ளிக்கூடப் போட்டிக்கு, வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கு என்று சில வீடுகளில் தேவைப்படலாம். தாராளமாகச் செய்யலாம். வைக்கோலை நனைத்து, கைப்பிடி கனத்துக்கு 4 அடி நீளத்தில் பிரி முறுக்குங்கள். அதை வட்டமாக வளைத்து, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படும்படி நூலால் இறுக்கிக் கட்டினால், ஒரு அடி விட்டத்தில் வளையம் கிடைக்கும். நிழலில் ஒரு நாள் காயட்டும். அந்த வீடியோக்களில் சிலந்தி வலைக்குக் கிழித்த வலைத்துணி பயன்படுத்துவார்கள். ராஜபாளையத்துக்கு அருகில் உள்ள சத்திரப்பட்டியே பேண்டேஜ் துணிக்குப் பெயர்போன ஊர்தான். ஒரு முழம் துணியை நீளவாக்கில் கிழித்து, பாதியை மஞ்சள் தண்ணீரில் நனைத்து எடுத்தால் விஷயம் முடிந்தது. நடுவில் சின்னப் பரங்கிக்காய், சுற்றிலும் ஆவாரம்பூ. வெள்ளைப் பூ மட்டும் வேண்டாம், காரணம் உங்களுக்கே தெரியும். தெருவைப் பார்த்த கதவில் மாட்டாமல் உள்பக்கக் கதவில் மாட்டினால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

எப்போது கழற்ற வேண்டும்?

மாவிலை நாலைந்து நாளில் சுருள ஆரம்பிக்கும். ஆயுத பூஜைக்குக் கட்டியதைத் தீபாவளி வரை விட்டுவைக்கும் வீடுகள்தான் அதிகம். அதற்குள் இலை சருகாகியிருக்கும். அதன் கீழேதான் அகல் விளக்கு, எதிரேதான் பிள்ளைகளின் ராக்கெட். சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு முதல்நாளே பழைய தோரணத்தையும் வைக்கோல் வளையத்தையும் இறக்கிவிட்டு, பச்சை இலையில் புதிதாகக் கட்டுங்கள். விளக்குக்கும் தோரணத்தின் நுனிக்கும் நடுவே ஆள் உயர இடைவெளியாவது இருக்கட்டும்.

கழற்றியதும் நூலை உருவி எடுத்துவிட்டு, சருகை ஈர்க்குச்சியோடு செடியின் தூரில் போட்டுவிடலாம். அந்த நூல் அடுத்த தோரணத்துக்கும் ஆகும்.